மூடிய கதவுக்குப் பின்னால் ‘தெரபி’

என் மேசையில் பதினோரு துண்டுச் சீட்டுகள் கிடக்கின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை, முகவரி இல்லை, பதிவு எண் இல்லை. தேதி, 3,500 என்ற தொகை, கீழே ஒரு கிறுக்கல். அவ்வளவுதான். பெண்ணாடத்தை ஒட்டிய காலனி ஒன்றில் இருக்கும் ஒரு தாய், தன் ஐந்து வயது மகனுக்கு ‘பிஹேவியர் தெரபி’ கொடுப்பதற்காகப் பதினோரு வாரம் கட்டிய பணத்துக்கு அவரிடம் இருக்கும் மொத்த ஆதாரம் இது. 38,500 ரூபாய். பாதி மகளிர் குழுக் கடன், மீதி தோட்டை அடகு வைத்தது.

மையம் பக்கத்து நகரம் ஒன்றில், மாடியில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். பெயரை எழுதினால், “அந்த ஒரு இடம்தான் மோசம் போல” என்று படிக்கிற நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பையனுக்குப் பேச்சு வரவில்லை. கைகளைச் சிறகு போல ஆட்டுவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், திறந்த கதவைக் கண்டால் ஓடுவான். அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். கடலூருக்குப் போனால் அரசாங்கத்தின் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். விருத்தாசலம் போய், பஸ் மாறி, கடலூர் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கூட்டத்தில் நிற்கவைத்தால் பையன் தரையில் புரண்டு கத்துவான், சுற்றி நிற்பவர்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு முறை போனார். மூன்றாவது முறை, பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த போர்டைப் பார்த்தார். ‘ஆட்டிசம், பேச்சுத் தாமதம், அடங்காமை. மூன்றே மாதத்தில் மாற்றம்.’ மேலே ஒரு பெயர், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’.

அறைக்குள் தாயை விடமாட்டார்கள். “நீங்க இருந்தா பையன் கோ-ஆபரேட் பண்ண மாட்டான்.” மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஒன்பதாவது வாரம் மின்சாரம் போனது. புழுக்கம் தாங்காமல் உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள். பையனை இடுப்பில் துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. எதிரே மேசையில், எட்டாத தூரத்தில், பிஸ்கட். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அந்தப் பெண்ணும் நம் வீட்டுப் பெண்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகும் இரண்டு வாரம் அனுப்பியிருக்கிறார். இதை நான் மறைக்கப்போவதில்லை. “டெக்னிக்”னு சொன்னாங்க யக்கா, படிச்சவங்க சொன்னா நான் என்னா சொல்றது, என்றார். பையன் ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்து, வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாலே அலறத் தொடங்கியபிறகுதான் நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது கிடைத்த பதில்: “உங்க பக்கத்துப் பிள்ளைங்க கட்டுப்பாடே இல்லாம வளருது. அதான் டைம் எடுக்குது.”

“உங்க பக்கம்னா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா யக்கா?”

*

ஒரு பைலை மட்டும் அந்தத் தாய் கையோடு எடுத்து வந்துவிட்டார். அதில் பையனுக்கு வைத்த இலக்குகள் இருந்தன. முதல் இலக்கு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருவது. நான்காவது இலக்கு, ‘ஆயா’ என்பதை ‘பாட்டி’ என்று மாற்றுவது.

அந்தப் பையனுக்கு வாயில் வரும் ஒரே சொல் ‘ஆயா’. அவனை வளர்த்தது ஆயா. ஒரு சொல்லும் வராத பிள்ளைக்கு வந்த முதல் சொல்லைக் கொண்டாடுவதை விட்டுவிட்டு, அது சேரிச் சொல் என்று திருத்த உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு 3,500 ரூபாய்.

நடத்தையைத் திருத்துவது என்றால், எது சரியான நடத்தை என்று ஒருவர் முதலில் முடிவுசெய்தாக வேண்டும். ஊரில் அதை யார் முடிவுசெய்கிறார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கையைக் கட்டி நில், குரலை உயர்த்தாதே, நிமிர்ந்து பார்க்காதே, துண்டை இடுப்பில் கட்டு. நம் பாட்டன்களுக்கு இந்தப் பாடத்தை மரத்தில் கட்டிவைத்து நடத்தினார்கள். இன்று அதே ‘கையைக் கட்டு’ ஒரு பைலில், கட்டம் போட்ட தாளில், சதவீதக் கணக்கோடு வருகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை கையை ஆட்டுவது பெரும்பாலும் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளத்தான். வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள்: எங்கள் கைகளைக் கட்டிப்போட்டது எங்களுக்காக இல்லை, பார்க்கிறவர்களின் கண்ணுக்காக.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏபிஏ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வு முழுக்கவே மோசடி என்று நான் சொல்லவில்லை. பல் துலக்குவதை, கழிப்பறை போவதை, பசிக்கிறது என்று சொல்வதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்து, அதனால் வாழ்க்கை இலகுவான குடும்பங்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற பேச்சே பரவியது. அதே லோவாஸ் 1960களில் குழந்தைகளை அறைந்ததும், மின்அதிர்ச்சி கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் என்ற இடத்தில் ‘நடத்தைத் திருத்தம்’ என்று தோலில் மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியை இந்த நூற்றாண்டிலும் பயன்படுத்தினார்கள். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தடை போட்டது, 2021இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இந்த முறை நல்லதா கெட்டதா என்ற வாதம் பெரியது, அறிஞர்கள் நடத்தட்டும். என் கேள்வி அதற்கு முன்னால் வருகிறது. இந்த வேலையைச் செய்ய யாருக்கு அனுமதி? தவறு செய்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி சும்மா வந்துவிடவில்லை. 1972இல் மயாமி நகரில் சன்லேண்ட் என்ற அரசு இல்லத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைச் ‘சிகிச்சை’ என்ற பெயரில் அடித்தது, சோப்பால் வாயைக் கழுவியது, மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தியது எல்லாம் வெளியே வந்தது. எல்லாமே நடத்தை மாற்றத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. அதை விசாரித்த குழுவின் பரிந்துரைகளிலிருந்துதான் புளோரிடா மாநிலத்தில் நடத்தைப் பகுப்பாய்வாளருக்குத் தேர்வு, சான்றிதழ் என்ற ஏற்பாடு வளர்ந்தது. அந்த ஏற்பாட்டின் மேல்தான் 1998இல் பிஏசிபி என்ற சான்றளிக்கும் வாரியம் எழுந்தது. இன்று அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்தத் தொழிலுக்குத் தனியாக உரிமம் வழங்குகின்றன. ஆக, அந்த உரிமத்தின் பிறப்பிடம் ஒரு பல்கலைக்கழகம் இல்லை, பூட்டிய அறையில் அடிபட்ட பிள்ளைகள்.

அதே வாரியம் 2023 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆனால் இங்கே சுவர்களில் தொங்கும் சான்றிதழ்களைப் பாருங்கள். வார இறுதி ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கொடுத்த தாள் தங்க முலாம் போட்ட சட்டத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, போதும். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் பெண்ணாடத்தில், அந்தத் தாளில் உள்ள மெய்யைக் காண நமக்கு ஒரு வழியும் இல்லை.

*

சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது.

1992இல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்கள் அதில் பதிவுசெய்து எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் மாற்றுத்திறனாளிகளிடம் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! அந்தத் தாய் இரண்டு நாளுக்குக் கட்டிய பணத்தைவிடக் குறைவு. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கவுன்சிலின் பட்டியலில் ‘நடத்தைப் பகுப்பாய்வாளர்’ என்று தனி இனம் இல்லை. “நான் ஸ்பெஷல் எஜுகேட்டர் இல்ல, பிஹேவியர் தெரபிஸ்ட்” என்று சொல்லிவிட்டால் போதும், விசாரிக்க வந்தவர் குழம்பிப்போய்த் திரும்பிவிடுவார்.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியோ மறுவாழ்வோ தரும் எந்த நிறுவனமும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடக்கக்கூடாது என்று அதன் 50ஆம் பிரிவு சொல்கிறது. அவமானப்படுத்தினால், தாக்கினால், பொறுப்பில் வைத்திருப்பவரே உணவை மறுத்தால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 92ஆம் பிரிவு. எட்டாத பிஸ்கட் ‘உணவு மறுப்பா’ என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். காலையில் சாப்பிடாமல் கூட்டிவரச் சொன்னார்கள், பசியோடு இருந்தால்தான் பிஸ்கட்டுக்காக வேலை செய்வான் என்றார்கள், என்கிறார் அந்தத் தாய். அது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

2021இல் மூன்றாவது சட்டம், இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் நடத்தைசார் சுகாதாரத் தொழில்கள் என்ற தலைப்பின் கீழ் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மருத்துவ சமூகப் பணியாளர்களும் அதே தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள். அதனால் இது என் தொழிலையும் சேர்த்துத்தான், ஒதுங்கி நின்று நான் பேசவில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஆறு மாதத்துக்குள் கவுன்சில் அமைத்துப் பதிவேடு தொடங்க வேண்டும் என்றது சட்டம். மூன்று ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசையும் மாநிலங்களையும் கடிந்துகொண்டு, இரண்டு மாதத்தில் அமல்படுத்துங்கள் என்று கெடு வைக்க வேண்டியதாயிற்று. தொழிலின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் அச்சடிப்பது சுலபம். பெண்ணாடத்தில் ஒரு தாய் தன் போனில் ஒரு பெயரைத் தட்டி, “இந்த ஆள் பதிவு பெற்றவரா?” என்று தமிழில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நாள்தான் அந்தச் சட்டம் எங்களைப் பொறுத்தவரை பிறக்கும் நாள்.

*

“நுகர்வோர் நீதிமன்றம் போங்களேன்” என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். போகிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். ‘மூன்றே மாதத்தில் மாற்றம்’ தவறான விளம்பரம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், துண்டுச் சீட்டு என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். பணம் ஜிபே வழியாகப் போயிருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் நுகர்வோர் பாதுகாப்பு என்ற குடைக்குள் யார் நிற்க முடியும் என்று பாருங்கள். 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிகளின் வெற்றி என்று கொண்டாடுகிறோம், சரிதான். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் இடத்தில் சிகிச்சை பெறுகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். காசு கொடுத்தவருக்குத்தான் நுகர்வோர் என்ற பெயர்.

கடலூருக்குப் போகும் பிள்ளைகள் யார்? விழுதுகள் சேவை மையங்களுக்கும், மறுவாழ்வு முகாம்களுக்கும், தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச வகுப்புகளுக்கும் போகும் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் நம் பிள்ளைகள். கடன் வாங்கி மாடியேறினால் நாம் நுகர்வோர், நமக்கு ஒரு நீதிமன்றம் உண்டு. கடன் கிடைக்காமல் இலவச வரிசையில் நின்றால் நாம் பயனாளி. பயனாளிக்கு நீதிமன்றம் இல்லை, நன்றி சொல்லும் கடமை மட்டும் உண்டு. அங்கே ஒரு பிள்ளையை நாற்காலியில் கட்டினால் எந்த நுகர்வோர் ஆணையமும் கேட்காது.

தொழில் உரிமம் எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான். உரிமம் பெற்றவர் மேல் புகார் கொடுக்கப் பணம் கட்டிய ரசீது வேண்டாம். சேவை இலவசமா, கட்டணமா என்று கவுன்சில் கேட்கத் தேவையில்லை. நீ இந்தத் தொழிலைச் செய்யத் தகுந்தவரா, தகுந்தபடி செய்தாயா என்பதுதான் கேள்வி. சந்தைக்குள் நுழையக் காசில்லாதவர்களுக்குத்தான் உரிமம் அதிகம் தேவை. காசுள்ளவர்கள் பிடிக்கவில்லை என்றால் சென்னைக்குப் போவார்கள், முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்துக்குப் பக்கத்தில் வீடே எடுத்துத் தங்குவார்கள். நாம் எங்கே போவது? அறிவுசார் குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாடி மையத்தின் கணக்கு மாதம் 14,000. அந்த இரண்டாயிரமும் சான்றிதழ், மருத்துவக் குழு, கையெழுத்து என்று அலைந்து முடிந்தபிறகுதான் கைக்கு வரும்.

கதவு விஷயம் ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியாள் இல்லாதபோது பேசியது அதில் வராது என்றது உச்ச நீதிமன்றம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவிலும் அவமானப்படுத்துவதற்கு ‘பொதுமக்கள் பார்வை’ என்ற அதே நிபந்தனை இருக்கிறது. இப்போது அந்த மையத்தின் விதியை நினைத்துப் பாருங்கள்: பெற்றோர் உள்ளே வரக்கூடாது. பேச்சு வராத பிள்ளை, மூடிய கதவு, சாட்சி இல்லை. அந்த ஒரு கதவு இரண்டு சட்டத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது. பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம், அறைக்குக் கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்பது உரிமத்தின் முதல் நிபந்தனையாக இல்லாவிட்டால், உரிமம் சுவரில் மாட்ட இன்னொரு தாள், வேறொன்றுமில்லை.

*

நம் தோழர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. போன மாதம் ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டார்: “உரிமம்னா என்னம்மா? அதுவும் ஒரு பூணூல்தானே? உள்ள இருக்கறவன் வெளிய இருக்கறவன உள்ள விடாம பாத்துக்கற ஏற்பாடு.”

அண்ணன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. மருத்துவர்களைப் பதிவுசெய்ய மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் வந்த ஆண்டு 1914. மேற்கத்திய மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கான பதிவேடு அது. தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்தவர்கள் வெளியே நின்றார்கள். அதே 1914இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர் யார்? சித்த மருத்துவர். ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்த நம் மருத்துவச்சிகள் என்ன ஆனார்கள்? அறிவை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளுவது இங்கே பழைய பழக்கம். அமெரிக்காவில்கூட 2015இல் வடக்கு கரோலினா பல் மருத்துவர் வாரியம், பல் மருத்துவர்களே நடத்தும் வாரியம், போட்டியாளர்களை ஒழிக்க உரிமத்தைப் பயன்படுத்தியது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ஆனாலும் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. உரிமம் இல்லாத இடத்தில் எல்லோரும் சமமாக நுழைகிறார்களா? மாடியில் மையம் வைக்க அட்வான்ஸ் கொடுக்க முடிந்தவர் யார், ஆங்கிலத்தில் போர்டு வைத்தால் ‘டாக்டர்’ என்று நம்பவைக்கும் முகம் யாருடையது? அரசின் தலையீடு இல்லாத சுதந்திரத்தைப் பற்றி அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் எழுதியதைத் தோழர்கள் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். அரசு விலகிக்கொண்ட இடம் காலியாகக் கிடப்பதில்லை, அங்கே முதலாளி வந்து உட்கார்ந்துகொள்கிறார் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நம் ஊரில் அந்த முதலாளிக்குச் சாதியும் உண்டு.

அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பிளஸ் டூ முடித்த பெண். நர்சிங் சேர ஆசை, பணம் கட்ட முடியவில்லை. மூன்று நாள் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். மாதம் ஏழாயிரம், லீவு போட்டால் பிடித்தம். மலம் துடைப்பது, வாந்தி அள்ளுவது, கடி வாங்குவது எல்லாம் அந்தப் பெண். பைலில் கையெழுத்து மட்டும் ‘டாக்டர்’. நாங்கள் போய்க் கேட்டபோது உரிமையாளர் சொன்ன முதல் வார்த்தை, “கட்டினது நான் இல்ல, அந்தப் பொண்ணு. அது வேலைய விட்டு நின்னுடுச்சு.” எங்கள் புகாரில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. இதை அந்தத் தாயிடம்தான் கேட்டு முடிவுசெய்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதுவும் பாவம் யக்கா, புள்ளைக்கி ஒருநா தலை வாரி விட்டுச்சி” என்றார்.

ஆகவே எப்படிப்பட்ட உரிமம் என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். முதுகலைப் பட்டம் உள்ளவருக்கு மட்டும் கதவு திறந்தால் அண்ணன் சொன்ன பூணூல்தான். அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் உதவியாளராகப் பதிவுசெய்து, அரசு செலவில், தமிழில், உதவித்தொகையோடு படித்து, அனுபவத்தைக் கணக்கில் எடுத்து மேலே ஏறும் படிகள் சட்டத்திலேயே இருக்க வேண்டும். கீழே வேலை செய்பவர் தவறுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர் பொறுப்பேற்க வேண்டும். மாநிலக் கவுன்சிலில் தொழில் செய்பவர்கள் மட்டும் உட்கார்ந்தால் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும், அரசு மையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்களும் அங்கே வேண்டும், அதில் பட்டியல் சாதியினருக்கு இடம் உறுதியாக வேண்டும். கட்டிப்போடுவதும் பட்டினி போடுவதும் ‘டெக்னிக்’ இல்லை, குற்றம் என்று நடத்தை விதியில் எழுத வேண்டும். ஆயாவைப் பாட்டியாக்கும் இலக்கைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன். பிள்ளையின் வீட்டு மொழி குறைபாடு ஆகாது.

உரிமம் வந்தால் கட்டணம் ஏறும், சின்ன ஊர்களில் ஆளே கிடைக்க மாட்டார்கள் என்பார்கள். உண்மைதான், ஏறலாம். அதற்கு மருந்து, ஒன்றிய அளவில் அரசு தன் செலவில் தகுதியான ஆளைப் போடுவது. தகுதியில்லாதவரை ஏழைப் பிள்ளைக்கு ஒதுக்கிவிடுவது எந்த ஊர் நியாயம்? திட்டக்குடி தனித் தொகுதி. இத்தனை தேர்தலில் எத்தனை வாக்குறுதி கேட்டோம்? பெண்ணாடம் ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளர் என்று யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. இயக்கம் நடத்துகிற நாம், ஆட்டிசம் என்றால் பட்டணத்து வியாதி என்று இருந்துவிட்டோம்.

காகிதத்தில் பதிவு இருந்தால் மட்டும் பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள் என்ற கனவும் எனக்கு இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியபிறகுதான் ‘அனுமதி உண்டா’ என்று அதிகாரிகள் கேட்டார்கள். அதற்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், விக்கிரவாண்டிக்கு அருகே குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். உரிய பதிவு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்த இடம். அடைத்து வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள், பாலியல் கொடுமைப் புகார்கள் வந்தன, காணாமல் போனவர்கள் கணக்கை சிபிசிஐடி தேட வேண்டியிருந்தது. 50ஆம் பிரிவு அப்போதும் புத்தகத்தில் இருந்தது. போய்ப் பார்த்துக் கேட்க ஆள் இல்லை. கேட்கும் ஆளை நாம் உண்டாக்காவிட்டால் மேலே இருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை.

எனவே இந்த வாரம் நாங்கள் செய்யப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தில் இப்படி எத்தனை மையங்கள் இயங்குகின்றன, அவற்றில் 50ஆம் பிரிவின்படி பதிவானவை எவை, வேலை செய்பவர்களின் பதிவு எண் என்ன, இந்தப் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டுங்கள் என்று ஒரு மனு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல், மாநில ஆணையருக்கு ஒரு நகல். நுகர்வோர் ஆணையத்துக்கு அந்தத் தாயின் வழக்கு தனியாகப் போகிறது. விருத்தாசலம், திட்டக்குடி, சிதம்பரம் பக்கம் இதே போல யாராவது இருந்தால், சீட்டோ பைலோ போட்டோவோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரே ஆள் கொடுத்தால் குடும்பத் தகராறு போலப் பார்ப்பார்கள், பத்துப் பேர் போய் நின்றால் மனு.

பையன் இப்போது எந்த மையத்துக்கும் போகவில்லை. நாற்காலியில் உட்காருவதில்லை, திண்ணையில் ஆயாவோடு உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை அவனையும் தூக்கிக்கொண்டு வருவதாக அவன் அம்மா சொல்லியிருக்கிறார். வரிசையில் கத்துவான், கத்தட்டும்.

ஜெய்பீம்.